சௌந்தரபாண்டியனுக்கு யார் எழுவது

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்குச் சௌந்தரபாண்டியனை முதன்முதலாகப் பார்த்தேன். நாளும் நேரமும் இவ்வளவு திருத்தமாக எனக்குத் தெரிவதற்குக் காரணம், அவை அன்று நான் எழுதிய கூட்டக் குறிப்பின் தலைப்பிலேயே இருப்பதுதான். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்கள் தமக்குள் நடத்திவரும் நந்தவன மகமைச் சங்கம், மாதக் கூட்டக் குறிப்புகளை எழுதித்தர என்னை அமர்த்தியிருந்தது. அது என் முதல் கூட்டம்.

சங்கம் அமாவாசைக்கு மறுநாள்தான் கூடும். அமாவாசையன்று பூவுக்கு விலை ஏறும். கடைக்காரர் எவருக்கும் தலைநிமிர நேரமிருக்காது. மறுநாள் பிரதமை. நல்ல காரியம் எதையும் அன்று யாரும் தொடங்குவதில்லை என்பதால் பூ கேட்பாரின்றிக் கிடக்கும். கைக்கு வேலை இல்லாத அந்த மாலையில், மார்க்கெட்டின் மாடியிலுள்ள தகரக் கூரையிட்ட கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் அறுபதுக்கு மேற்பட்டோர் வந்து உட்காருவார்கள். ஈரச் சாக்கின் வாடையும் வாடிய பிச்சிப்பூவின் மணமும் அங்கே எப்போதும் கலந்தே இருக்கும்.

மகமை என்பது இங்கே இப்படித்தான் சேர்கிறது. கடைக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி பூவை எடுத்துப் பொதுக்கூடையில் போட வேண்டும். காலை ஏலம் முடிந்ததும் கடைசியாக அந்தக் கூடை ஏலம் போகும். அதில் வருவதைக் கொண்டு, நொடித்துப்போன கடைக்காரர் குடும்பங்களுக்கும், மார்க்கெட்டை நம்பிப் பூக்கட்டிப் பிழைக்கும் பெண்களுக்கும் சங்கம் ஆபத்துக்கொடை கொடுக்கிறது.

கொடுக்கும் முறை விசித்திரமானது. தனக்கு வேண்டும் என்று தானே எவரும் கேட்கக்கூடாது. கூட்டத்தில் ஒரு கடைக்காரர் எழுந்து நின்று இன்னொருவருக்காகச் சொல்ல வேண்டும். எழுந்தவர், கொடையின் முதல் பங்கைத் தன் கையிலிருந்து போட வேண்டும். தலைவர் மூன்று முறை கேட்பார். மூன்றாம் முறைக்குப் பின் எவரும் எழாவிட்டால் அந்த மாதத்துக் கணக்கை மூடிவிடுவார். கொடை பெற்றவர் நன்றி சொல்லக்கூடாது என்பதும் விதி. கேட்கும் வாயும் கூசக்கூடாது, வாங்கும் வாயும் கூசக்கூடாது என்று நினைத்து யாரோ எப்போதோ வகுத்தது.

அன்று தலைவர் முகம்மது ஹுசைன் முதல் முறை கேட்டு முடிப்பதற்குள், கடைசி வரிசையிலிருந்து ஒல்லியான ஒருவர் எழுந்தார். இடது தோள் சற்றே சரிந்திருந்தது. மூட்டை சுமந்து சரிந்த தோள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“ஒன்பதாம் நம்பர் கடை வீட்டுல அடுப்பு பத்தவச்சு நாலு நாளாச்சு. நான் வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல” என்றார்.

உட்கார்ந்துவிட்டார். கொடை தீர்மானமாயிற்று. பத்து நிமிடத்தில் வேறொரு குடும்பத்துக்காக மறுபடியும் எழுந்தார்.

அவருக்கு முன்னால் இருந்த வேல்சாமி என்ற கடைக்காரர் திரும்பிப் பார்த்து, “அண்ணாச்சிக்கு எதுக்கு வே நாக்காலி? அத எடுத்து வெளிய போட்டா வேற யாராச்சும் உக்காருவாவ” என்றார். கூடம் சிரித்தது. சௌந்தரபாண்டியனும் சிரித்தார்.

அவர் சிவகிரிப் பக்கத்துக்காரர். பதினேழு வயதில் இந்த மார்க்கெட்டுக்கு மூட்டை சுமக்க வந்து, சுமந்த கடையிலேயே எடை போடுபவராகி, முப்பது வயதில் சொந்தமாகக் கமிஷன் கடை வைத்தவர். மனைவி ஜெயசித்ரா. பிள்ளைகள் இல்லை. விடியும் முன் குருவிகுளம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ப் பூ எடுத்து வருவது ஜெயசித்ராவின் வேலை. கடையில் நின்று விற்பது அவர் வேலை. வாய்க்கணக்கில் அந்த அம்மாளை ஏமாற்ற மார்க்கெட்டில் ஆள் கிடையாது.

எதற்காக இப்படி எல்லாருக்காகவும் எழுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். தருமசிந்தனை பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, சார். ‘யாராச்சும் எழும்புதீயளா’ன்னு பாய் கேட்டுட்டு ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பாரு பாத்தீங்களா, அந்த நேரத்துல ஒரு சத்தமும் இருக்காது. அது எனக்கு ஆகாது. வயித்தப் பெரட்டும். எழும்பிட்டேன்னா சரியாப் போயிரும்” என்றார்.

அருகில் கேந்திப்பூவை அளந்துகொண்டிருந்த ஜெயசித்ரா தலை நிமிராமல், “இவுக ஒவ்வொரு தடவ எழும்பும்போதும் என் கழுத்துல ஒரு பவுன் இறங்குது, சார். அதையும் குறிப்புல எழுதிக்கிடுங்க” என்றார்.

அது வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. 2019 ஆகஸ்டிலிருந்து 2024 நவம்பர் வரையிலான குறிப்புப் புத்தகத்தில், சௌந்தரபாண்டியன் எழுந்ததாக என் கையெழுத்தில் நாற்பத்து மூன்று இடங்களில் இருக்கிறது. நாற்பத்து மூன்று முறையும் முதல் பங்கை அவர் போட்டிருக்கிறார். மற்றக் கடைக்காரர்கள் மாடி கட்டினார்கள்; அவர் வாடகை வீட்டிலேயே இருந்தார்.

2024 டிசம்பர் மோசமான மாதம். நடுவில் பெய்த பெருமழையில் தோட்டங்களில் தண்ணீர் நின்று செடிகள் அழுகின. மிஞ்சியவற்றிலும் மார்கழிப் பனியால் மொட்டு சிறுத்தது. விலை இருந்தது; விற்கப் பூ இல்லை. விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்திருந்த கடைக்காரர்கள் வெறும் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மழையில் இசக்கித்தாயின் வீட்டுக் கூரையும் விழுந்தது. இசக்கித்தாய் மார்க்கெட் வாசலில் பூக்கட்டும் விதவை. இரண்டு பெண் பிள்ளைகளோடு சங்கக் கூடத்திலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டிருந்தாள். வருகிற கூட்டத்தில் அவளுக்காக எழுவதாகச் சௌந்தரபாண்டியன் வாக்குக் கொடுத்திருந்தார்.

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை, விடியும் நேரம். குருவிகுளத்திலிருந்து பூ ஏற்றிவந்த லோடு ஆட்டோ, மழை அரித்த சாலையோரத்தில் சக்கரம் இறங்கிக் கவிழ்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த ஜெயசித்ராவின் வலது கால் வண்டிக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று இடங்களில் முறிந்து, சதை ஒரு பக்கமாகப் பிய்ந்துபோயிற்று.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை. உயிருக்குப் பயமில்லை, காலை எடுத்துவிடுவது பாதுகாப்பானது. காலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேறிடத்துச் சதையை எடுத்து இரத்தக்குழாயோடு தைத்து எலும்பை மூட வேண்டும். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதைச் செய்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் சீழ் வைத்துவிடும். மதுரையில் முன்பணம் கட்டினால்தான் படுக்கை தருவார்கள். அரசுக் காப்பீட்டு அட்டைக்குச் சௌந்தரபாண்டியன் விண்ணப்பித்ததே இல்லை. கடைக்காரனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்.

எஞ்சியிருந்த நகையையும் மோட்டார் சைக்கிளையும் விற்றதில் பாதி தேறியது. சிவகிரியில் சித்தப்பா மகன், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டே பிள்ளையை விட்டு, “அப்பா ஊர்ல இல்ல” என்று சொல்லச் சொன்னான். வட்டிக்குக் கொடுப்பவர்கள், பூ வரத்தில்லாத கடையின் மேல் கொடுக்கமாட்டோம் என்றார்கள். மீதிப் பாதிக்கு ஒரே வழிதான் இருந்தது. 31ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிரதமை. சங்கம் கூடும். அன்று மாலை தீர்மானமானால் அன்றே கையில் கிடைக்கும். இரவே மதுரைக்குப் புறப்படலாம்.

யாராவது எழ வேண்டும். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார். நான்கு நாளாக மாற்றாத சட்டை. காலர் ஓரம் பழுப்பேறிய இரத்தக்கறை. கூடத்துக்கு ஏறும் படிக்கட்டில் இசக்கித்தாய் அவரை மறித்தாள். நோட்டும் பேனாவுமாக நான் பின்னால் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

“அண்ணாச்சி, என் காரியம் அடுத்த மாசம் பாத்துக்கிடலாம். அக்கா காலப் பாருங்க. இன்னைக்கு நீங்க எழும்பாண்டாம்.”

“ஏட்டி, வாக்குக் குடுத்தாச்சுல்லா. ரெண்டு பொட்டப்புள்ளையள வச்சுக்கிட்டு இந்தப் பனியில எத்தன நாளு கெடப்ப?”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்கு யாராச்சும் எழும்புவாவ. எத்தன பேருக்கு எழும்பிருக்கேன்! நீ சும்மா இரு.”

இங்கே சங்கத்தின் இன்னொரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருவருக்காக ஒருவர் எழுந்தால் அது கடன். பதிலுக்கு ஒருமுறை அவருக்காக எழுந்துதான் அதைத் தீர்க்க முடியும். அந்தக் கடனை வாய்திறந்து கேட்பதில்லை. கூட்டத்தன்று கடன்பட்டவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும். உட்கார்ந்தவருக்காக அவர் எழுந்தே ஆக வேண்டும். மறுத்தவர் இதுவரை இல்லை.

அன்று கூடத்தில் இரண்டாம் வரிசை ஓரத்தில் பேச்சிராஜ் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுச் சிறு கடைக்காரன். 2022இல் அவனுக்கு ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, அவனுக்காக எழுந்தவர் சௌந்தரபாண்டியன். அவனுக்கு இடப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

சௌந்தரபாண்டியன் அந்த வரிசை வரைக்கும் போனார். நாற்காலியின் முதுகில் கையும் வைத்தார். நான் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சிராஜ் குனிந்து தன் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய உள்ளங்கைகள் இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. மழையில் முன்பணம் முழுவதும் போய்விட, கடையைப் பூட்டிவிட்டு அந்த வாரம் வேறொருவர் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் அவன். எழுந்தால் முதல் பங்கை அவன் போட வேண்டும். போட அவனிடம் ஏதுமில்லை. வட்டிக்கு வாங்கியாவது போட்டிருப்பான்.

நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். கடன்பட்ட மற்ற நாற்பத்திரண்டு குடும்பத்தாரில் பாதிப் பேராவது அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அவர்களில் எவர் பக்கத்திலும் போய் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. அந்த மாதம் எல்லாருடைய கைகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

முகம்மது ஹுசைன் முதல் முறை கேட்டார். “யாராச்சும் எழும்புதீயளா?”

சௌந்தரபாண்டியன் எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இசக்கித்தாய்க்கு எழும்புதேன். கூரை விழுந்து பதினேழு நாளாச்சு. மொதப் பங்கு இந்தா இருக்கு” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொடுத்தார்.

அது மதுரைக்கென்று வைத்திருந்த பாதியிலிருந்து எடுத்தது.

கூடத்தில் ஓர் ஆறுதல் பரவியதை நான் கண்டேன். தோள்கள் தளர்ந்தன. சாய்ந்து உட்கார்ந்தார்கள். வேல்சாமி பக்கத்திலிருந்தவரிடம், “அண்ணாச்சிக்கு எங்கனயோ தோதாயிருச்சு போல. இல்லன்னா அடுத்தவளுக்குப் பங்கு போட்டுக்கிட்டு நிப்பாரா?” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் சொன்னதை மற்றவர்களும் நினைத்தார்கள். விபத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எழ வேண்டுமே என்று பயந்துகொண்டுதான் பலர் வந்திருந்தார்கள். அவர் எழுந்து பங்கு போட்டதும் அந்தப் பயம் நீங்கிற்று. தமக்கே இல்லாதவர் பிறருக்குக் கொடுக்கமாட்டார் என்று, நாற்பத்து மூன்று முறை அவர் கொடுத்ததைப் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

இரண்டாம் முறை தலைவர் கேட்டார். எவரும் எழவில்லை. தகரக் கூரையில் காகம் ஒன்று நடந்தது கேட்டது. சௌந்தரபாண்டியன் தம் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்து ஒவ்வொரு பிடரியாகப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் முறை கேட்டபோது, வாசற்படியில் பூக்கட்டும் பெண்களோடு உட்கார்ந்திருந்த இசக்கித்தாய் எழுந்துவிட்டாள். கடைக்காரர் அல்லாதவர் எழுந்தால் செல்லாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே எழுந்தாள்.

“பாய்…” என்றாள்.

முகம்மது ஹுசைன் அவளைக் கனிவோடுதான் பார்த்தார். கையமர்த்தி, “நன்றியெல்லாம் சொல்லப்பிடாது தாயி. நம்ம வழக்கம் தெரியும்லா? உக்காரு” என்றார்.

“அதுக்கில்ல, பாய், அண்ணாச்சிக்கு…”

“அண்ணாச்சிக்கும் சொல்ல வேண்டாம். அவரு கோவிச்சுக்கிடுவாரு.”

கூடம் சிரித்தது. கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. நாற்காலிகள் தரையில் இழுபட்ட சத்தத்தில், அவள் அதற்கு மேல் சொன்னது எவருக்கும் எட்டவில்லை. ‘வேறு யாரும் எழவில்லை. கூட்டம் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு முடிவுற்றது’ என்று நான் எழுதினேன். நான் சம்பளத்துக்கு எழுதுகிறவன். எழும் உரிமை எனக்கில்லை. ஆயினும் அந்த வரியை எழுதிய கை என்னுடையதுதான்.

படியிறங்கும்போது தலைவர் சௌந்தரபாண்டியனின் தோளில் கைவைத்து விசாரித்தார்.

“ஆசுபத்திரியில என்ன சொல்லுதாவ, வே?”

“பாத்துக்கிட்டு இருக்காவ, பாய்.”

“எல்லாம் தோது பண்ணிட்டீரா?”

தமக்கு வேண்டுமென்று தாமே கேட்டதாகிவிடாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழியில்லை. சௌந்தரபாண்டியன் தலையை அசைத்தார். ஆமென்றா, இல்லையென்றா என்று முகம்மது ஹுசைன் பின்னாளில் பலமுறை தம்மையே கேட்டுக்கொண்டார்.

அன்றிரவும் மறுநாளும் அவர் எங்கெங்கோ அலைந்தார். புத்தாண்டு விடுமுறை; அடகுக்கடைகள் பாதி மூடியிருந்தன. இரண்டாம் தேதி வியாழக்கிழமை மதுரைக்குப் போன் செய்து, பாதிப் பணத்தோடு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, முழுவதும் கட்டினால்தான் முடியும் என்றாள். அவர் அவளிடம் கெஞ்சினார். வாழ்நாளில் தமக்காக அவர் வாய்திறந்து கேட்டது அது ஒருமுறைதான். அதையும் யாரென்றே தெரியாதவளிடம் கேட்டார்.

ஜனவரி மூன்றாம் தேதி ஜெயசித்ராவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செய்தி மறுநாள் காலை ஏலத்தின் நடுவில் வந்தது. ஏலம் கூறியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பேச்சிராஜ் மூட்டையை அப்படியே போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறினான். அன்று அவனோடு போனவன் நான்.

படுக்கையருகே ஸ்டூலில் சௌந்தரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். பேச்சிராஜ் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

“பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாம்லா அண்ணாச்சி! ஒரு நிமிசம் உக்காந்தா போதுமே! நான் எழும்பிருப்பேன்லா!”

“எழும்பிருப்ப. பங்குக்கு என்னத்தப் போட்டிருப்ப?”

“என்னத்தையாச்சும் போட்டிருப்பேன். அது என் பாடு!”

“ஒம்பிள்ளைக்கு இன்னும் மருந்து வாங்குதல்லா மக்கா.”

படுக்கையிலிருந்து ஜெயசித்ரா தலையைத் திருப்பினார். குரல் மிகவும் மெலிந்திருந்தது. “ஏன் மக்கா அழுத? இனிமே எனக்கு ஒத்தச் செருப்பு போதும். செலவு மிச்சம்” என்றார். பிறகு கணவரைப் பார்த்து, “நீங்க போயி உக்காந்திருக்கலாம்” என்றார்.

அதில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சௌந்தரபாண்டியனால் தாங்கியிருக்க முடியும். அவர் எழுந்து வெளியே போய், வராந்தாச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஜனவரி 30ஆம் தேதிக் கூட்டத்தில், தலைவர் முதல் முறை கேட்டு முடிக்குமுன் பதினான்கு பேர் ஒன்றாக எழுந்தார்கள். செயற்கைக் காலுக்காக. ஒருவருக்காகப் பதினான்கு பேர் எழுந்தது என் குறிப்புப் புத்தகத்தில் அந்த ஒருமுறைதான். சௌந்தரபாண்டியன் அன்று வரவில்லை. கொடையைக் கொண்டுபோனபோது வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவரை ஜெயசித்ரா தடுத்து, “எனக்கு நடக்கணும்” என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இப்போது அவர் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். தோட்டங்களுக்குப் போவதில்லை.

பதினான்கு பேரில் பேச்சிராஜும் ஒருவன். அத்தோடு கடன் தீர்ந்ததாக அவன் எண்ணவில்லை.

“அது எங்க மனசு ஆறணும்னு எழும்புனது, சார். கூட்டத்தோட கூட்டமா நிக்கது கடனுக்கு ஆகாது. அவரு வந்து பக்கத்துல உக்காரணும். அப்பத்தான் தீரும்” என்றான். அவன் கடை மறுபடியும் நடக்கிறது. இப்போது பங்கு போட அவனால் முடியும். கூட்டத்துக்குச் சீக்கிரமாகவே வந்து, பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு வேறெவரும் உட்காராமல் காத்திருக்கிறான்.

சென்ற பிரதமையில் கூடம் நிரம்பி வழிந்தது. சௌந்தரபாண்டியன் தாமதமாக வந்தார். காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். பேச்சிராஜ் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

“என்ன மக்கா, சரக்கு வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவனைக் கடந்து போனார். கூட்டம் முடியும் வரை பின்சுவரில் சாய்ந்து நின்றார்.